ஊமைப்படத்தில் பிறந்த கவுண்ட்டவுன்

தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் நிறுத்தித் திரி கிள்ளும் பிள்ளைகளுக்கும் தெரியும், ராக்கெட் என்றால் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கித்தான் எண்ண வேண்டும் என்று. ஓட்டப் பந்தயத்துக்கு அதே பிள்ளைகள் ‘ஒன், டூ, த்ரீ’ என்று ஏறித்தான் எண்ணுகிறார்கள். ராக்கெட்டுக்கு மட்டும் இந்தத் தலைகீழ் வழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? ஏவுதளத்துப் பொறியாளர் எவரும் இதைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர் ஒரு சினிமா இயக்குநர். அவர் கொண்டுவந்தது ஒரு ஊமைப்படத்துக்காக.

படத்தின் பெயர் ‘ஃப்ராவ் இம் மோண்ட்’, அதாவது ‘நிலவில் ஒரு பெண்’. 1929 அக்டோபர் 15 அன்று பெர்லினில் வெளியானது. இயக்கியவர் ‘மெட்ரோபோலிஸ்’ எடுத்த ஃபிரிட்ஸ் லாங். கதையும் திரைக்கதையும் அவருடைய மனைவி தேயா ஃபொன் ஹார்போ எழுதியவை. அந்தக் காலத்தில் திரவ எரிபொருள் ராக்கெட் எந்த நிலையில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1926 மார்ச் 16 அன்று, அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை நொடி பறந்து, 41 அடி உயரம் தொட்டு, கீழே விழுந்திருந்தது. ஒரு தென்னை மர உயரத்தைக்கூட உறுதியாகத் தாண்டியிராத ஒரு கருவி ஆறு பேரைச் சுமந்துகொண்டு நிலாவுக்குப் போவதைப் பெர்லின் பார்வையாளர்கள் நம்ப வேண்டும். லாங் முன்னால் இருந்த வேலை அதுதான்.

இதற்கு முன்னால் நிலாவுக்குப் போன கதைகள் ஏராளம். அவற்றில் மிகப் பெரிய செல்வாக்கு ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நாவலுக்கு. அதில் பயணிகள் பீரங்கியில் வைத்துச் சுடப்படுகிறார்கள். குழலின் நீளம் 900 அடி, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். வெர்ன் எண்களை மிகக் கவனமாகத் தேர்ந்தவர். பூமியின் இழுப்பிலிருந்து தப்ப வேண்டிய வேகம் உண்மையிலேயே அவ்வளவுதான். ஆனால் 900 அடிக்குள் அந்த வேகத்தை எட்டினால், உள்ளே இருப்பவர் உடலில் இறங்கும் விசை அவருடைய எடையைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். அதிர்ச்சி தாங்க வெர்ன் தண்ணீர் மெத்தை போட்டிருந்தார். அது எதற்கும் போதாது.

அந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்த ஒரு சிறுவன் டிரான்சில்வேனியாவில் இருந்தான். பெயர் ஹெர்மன் ஓபெர்த். மற்றவர்கள் கதையில் கரைந்துபோன இடத்தில் அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பீரங்கியில் போனால் பயணிகள் நசுங்கிப்போவார்கள் என்று கண்டான். அப்படியானால் மெதுவாக வேகம் கூட்டும் ஒரு வாகனம் வேண்டும். ராக்கெட்தான் வழி என்ற முடிவுக்கு வந்தான். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. நம்ப முடியவில்லை என்று புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாமல், அதை நம்பும்படி ஆக்க என்ன செய்யலாம் என்று யோசித்த வாசகன் அவன். 1922இல் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு ஏற்கப்படவில்லை. மறு ஆண்டே அதை ‘கோள்வெளிக்கு ராக்கெட்’ என்ற சிறு நூலாக வெளியிட்டார். ஜெர்மனி முழுவதும் ராக்கெட் பித்துப் பரவ அந்த நூல் ஒரு முக்கியக் காரணம்.

லாங் தன் படத்துக்கு ஆலோசகராக அந்த ஓபெர்த்தையே அழைத்தார். கூடவே அறிவியலை எளிய மொழியில் எழுதிவந்த இளைஞர் வில்லி லே. படத்துக்காகவே ஓபெர்த் ஒரு நிஜ ராக்கெட்டும் செய்வார், வெளியீட்டையொட்டி அது ஏவப்படும் என்று விளம்பரம் போனது. அந்த ராக்கெட் கடைசிவரை பறக்கவில்லை. சோதனையின்போது நடந்த வெடிப்பில் ஓபெர்த்தின் இடது கண் பார்வை பாதிக்கப்பட்டதுதான் மிச்சம். ஆனால் திரையில் அவருடைய அறிவு முழுதாக இறங்கியது. பல அடுக்கு ராக்கெட், அதை நின்ற நிலையில் கோர்க்கும் உயரமான கட்டடம், அங்கிருந்து தண்டவாளத்தில் மெல்ல ஊர்ந்து ஏவுமிடத்துக்கு வருவது, விசையைத் தாங்கப் பயணிகள் படுக்கையில் மல்லாந்து கிடப்பது, எடையற்ற நிலையில் கால் மாட்டிக்கொள்ளத் தரையில் வார்கள். கென்னடி விண்வெளி மையத்தில் சாட்டர்ன்-5 கட்டடத்திலிருந்து வெளியே வரும் படங்களைப் பார்த்தவர்கள் 1929இன் இந்தக் காட்சியைப் பார்த்தால் திகைப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் லாங்குக்கு ஒரு சிக்கல் இருந்தது. ராக்கெட் நிற்கிறது, ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள், இனி கிளம்ப வேண்டும். கிளம்பும் கணம் பார்ப்பவரின் வயிற்றில் தெரிய வேண்டும். அது எப்போது வரும் என்று அவருக்கு யார் சொல்வது?

வெர்ன் தன் நாவலில் இந்த இடத்தை எண்ணிக்கையால்தான் கடந்திருந்தார், ஆனால் ஏறுமுகமாக. கூட்டத்திலிருந்து குரல்கள் முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று ஏறி, நாற்பதில் பீரங்கி வெடிக்கும். நாற்பது நொடி பாக்கி என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டதால் வாசகருக்கு முடிவு தெரியும். சினிமாவில் அந்த முன்னுரைக்கு இடமில்லை. லாங் பின்னாளில் இதை விளக்கியிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால், அது பத்தில் நிற்குமா, ஐம்பதில் நிற்குமா, நூறு வரை போகுமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பத்திலிருந்து இறங்கி வந்தால் பூஜ்யத்தில்தான் கிளம்பும் என்று எவரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. எண்ணுவதற்குக் குரல்கூட இல்லை, ஊமைப்படம். இன்னும் பத்து நொடி என்று திரையில் எழுத்து வருகிறது. உள்ளே படுத்திருப்பவர்களின் முகங்கள். நெம்புகோலைப் பற்றியிருக்கும் கை. மறுபடி எழுத்து: இன்னும் ஆறு நொடி. பிறகு எண்கள் மட்டும், ஒவ்வொன்றாக, திரையை நிறைத்துக்கொண்டு. கடைசியில் ‘இப்போது’ என்ற ஒரு சொல். ஓசை இல்லாததால் பார்வையாளர் எண்ணை வாசிக்க வேண்டியிருந்தது. வாசிப்பவர் மனத்துக்குள் தானே எண்ணத் தொடங்கிவிடுகிறார். தானே எண்ணிக் கிளப்பிய ராக்கெட்டை அவர் எப்படிச் சந்தேகிப்பார்? பேசும்படங்கள் வந்துவிட்ட நேரம் அது. ஏவும் காட்சிக்காவது ஒலி சேர்க்கச் சொல்லிப் படத்தை வெளியிட்ட ஊஃபா நிறுவனம் கேட்டது. படத்தின் லயம் கெட்டுவிடும் என்று லாங் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இரைச்சலைச் சேர்த்திருந்தால் எண்ணுகிற வேலையைப் பார்வையாளரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கும்.

விண்வெளிக் கதைகளின் நம்பகத்தன்மை பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அறிவியல் பிழைகளைப் பட்டியல் போடுவதிலேயே நின்றுவிடுகிறோம். இந்தப் படத்தில் பிழைகள் உண்டு, சிறியவையும் அல்ல. நிலாவின் மறுபக்கத்தில் காற்று இருக்கிறது. அங்கே இறங்கும் பேராசிரியர் தீக்குச்சி கிழித்துப் பார்த்து மூச்சுவிடலாம் என்று முடிவு செய்கிறார். பிறகு நம் ஊரில் கிணறு வெட்ட இடம் பார்ப்பவர்போல் கவைக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார், தங்கமும் கிடைக்கிறது. மறுபக்கத்தில் காற்று இருக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் வானியலாளர் பீட்டர் ஆண்ட்ரியாஸ் ஹன்சன் சொன்னது உண்மை. ஆனால் 1929இல் அறிவியலாளர் எவரும் அதை ஏற்கவில்லை. ஓபெர்த்துக்கும் லேவுக்கும் இது தெரியாதா? தெரியும். ஆனால் கதை நிலாவில் ஒரு காதலை முடித்து வைக்க வேண்டியிருந்தது. பேச்சே இல்லாத படத்தில் முகங்களையும் தலைக்கவசத்துக்குள் மறைத்துவிட்டால் நடிகர்களுக்கு எஞ்சுவது ஒன்றும் இல்லை.

இது காதில் பூச்சுற்றும் வேலை என்று எழுந்துபோகாமல் பார்வையாளர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அதற்கு முன் வந்த ஏவும் காட்சிதான். அந்தச் சில நிமிடங்களில் அவருடைய உடம்பு ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டது. இந்த வகைக் கதைகளில் முக்கியமான கேள்வி எது உண்மை என்பதைவிட, எதை எந்த வரிசையில் சொன்னார்கள் என்பதே என்று நான் நம்புகிறேன். காற்றுள்ள நிலாவைப் படத்தின் முதல் காட்சியில் வைத்திருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய நிலவு நாவலில் ஈர்ப்பைத் தடுக்கும் பொருள் ஒன்றை வைத்தபோது, அப்படி ஒரு உலோகம் எங்கே என்று வெர்ன் குறைபட்டார். வெர்னின் பீரங்கியும் வெல்ஸின் பொருளும் ஒரே அளவுக்கு நடக்காதவை. இருந்தும் இரண்டு நாவல்களும் இன்றுவரை வாசிக்கப்படுகின்றன, ஏனென்றால் இரண்டுமே அந்தப் பொய்க்கு முன்னாலும் பின்னாலும் வரும் காரியங்களைச் சிரத்தையாகச் செய்கின்றன.

சினிமாவிலிருந்து இந்த எண்ணிக்கை நிஜத்துக்கு வந்த பாதை நல்ல பாதை இல்லை. ஓபெர்த்தின் எஞ்சின் சோதனைகளுக்கு 1930இல் உதவிய மாணவர்களில் ஒருவர் வெர்னர் ஃபொன் பிரவுன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1942 அக்டோபர் 3 அன்று, பால்டிக் கரையில் பேனமுண்டேயிலிருந்து வெற்றிகரமாகப் பறந்த முதல் வி-2 ஏவுகணையில் இந்தப் படத்தின் சின்னம் வரையப்பட்டிருந்தது, பிறை நிலாவில் ஒரு பெண். அங்கே திட்டத்துக்குத் தலைமை தாங்கிய வால்டர் டோர்ன்பெர்கர், ஏவும் கணத்தை ‘எக்ஸ்’ என்று வைத்து ‘எக்ஸ் மைனஸ் மூன்று’ என்று நிமிடங்களை அறிவித்ததைப் பின்னர் எழுதியிருக்கிறார். அந்த நிமிடங்கள் முடிவதாகவே தோன்றாததால் அவற்றுக்குப் ‘பேனமுண்டே நிமிடங்கள்’ என்றே பெயர் வைத்திருந்தார்களாம். வி-2ஐச் செய்ய மிட்டெல்பாவ்-டோரா முகாம்களின் கைதிகள் நிலத்தடியில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டார்கள். அந்த முகாம்களில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர் இதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. லாங் 1933இலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார். தன் படத்தையும் அதற்குச் செய்த ராக்கெட் மாதிரிகளையும் நாஜி ரகசியக் காவல்துறை எடுத்துக்கொண்டது என்று பின்னர் சொன்னார்.

போருக்குப் பிறகு அந்தப் பொறியாளர்களும் வி-2களும் அமெரிக்கா போனபோது எண்ணிக்கையும் கூடவே போனது. ஆனால் பழக்கம் என்பதற்காக மட்டும் அது நிலைக்கவில்லை. ஒரு ஏவலில் எரிபொருள் நிரப்புபவர்கள், மின்சாரம் பார்ப்பவர்கள், ரேடார், கேமரா, வானிலை என்று நூற்றுக்கணக்கானோர், ஒருவரையொருவர் பார்க்காமல், இன்னும் வராத ஒரு கணத்தை நோக்கி வேலை செய்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு இதைச் செய், ஒன்பதரைக்கு அதைச் செய் என்று எழுதி வைத்தால், நடுவில் ஒரு வால்வு கசிந்து இருபது நிமிடம் தாமதமானதும் எல்லோர் பட்டியலும் பொய்யாகிவிடும். பூஜ்யத்திலிருந்து பின்னோக்கிக் குறித்து வைத்தால் கடிகாரத்தை நிறுத்தினால் போதும். நாற்பது நிமிடம் முன்பு செய்ய வேண்டியது, எத்தனை மணிக்கு ஆனாலும், நாற்பது நிமிடம் முன்பு செய்ய வேண்டியதுதான். பார்வையாளருக்கு முடிவு எங்கே என்று காட்ட லாங் செய்த ஏற்பாடு, பொறியாளருக்கும் அதே காரணத்துக்காகப் பயன்பட்டது.

ஸ்ரீஹரிகோட்டாவில் இந்த எண்ணிக்கை இருபது மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஓடுகிறது. அதன் அருமை அது நிற்கும்போதுதான் தெரியும். 2001 மார்ச் 28 அன்று முதல் ஜிஎஸ்எல்வி, பக்க எஞ்சின்கள் எரியத் தொடங்கிய பிறகு, எழும்புவதற்கு ஒரு நொடி முன்னால் கணினியால் நிறுத்தப்பட்டது. மூன்று வாரத்தில் பறந்தது. சந்திரயான்-2க்கான எண்ணிக்கை 2019 ஜூலை 15 அதிகாலை 56 நிமிடம் 24 நொடி பாக்கி இருக்கையில் நின்றது. ராக்கெட் ஒரு வாரம் கழித்துக் கிளம்பியது. ககன்யான் சோதனைக் கலம் 2023 அக்டோபர் 21 அன்று 5 நொடி பாக்கி இருக்கையில் நின்றது, அதே நாள் காலை பத்து மணிக்குப் போனது.

சோவியத் நாட்டில் இப்படி உரக்க எண்ணும் வழக்கம் இருக்கவில்லை. 1961இல் ககாரின் விண்வெளிக்குக் கிளம்பும்போது ராக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளர் கொரொலியோவ் ஒவ்வொரு கட்டத்தையும் பெயர் சொல்லி அறிவித்தார், எழும்புதல் வரை. ராக்கெட் அதற்காகப் பறக்காமல் இருந்துவிடவில்லை. நேரக் கணக்கு எல்லா ஏவுதளத்துக்கும் தேவை. கடைசிப் பத்து எண்களைக் குரலெடுத்துச் சொல்வது மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக. அந்தப் பகுதி இன்னும் சினிமாவுக்குத்தான் சொந்தம்.

‘ஃப்ராவ் இம் மோண்ட்’ மீட்டெடுக்கப்பட்டு இப்போது பார்க்கக் கிடைக்கிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதல் பாதியில் வரும் ஒற்றர் கதை நகர மறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் கட்டடத்தை விட்டு வெளியே வருவதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இன்று கிடைக்கும் பிரதிகளில் பின்னணி இசை சேர்த்திருப்பார்கள். எண்கள் வரத் தொடங்கும்போது அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.