கைத்துப்பாக்கித் தோட்டாவும் வாயுவிசைக் கார்பைனும்

ரைஃபிளுக்கு ஒரு வகைத் தோட்டா, கைத்துப்பாக்கிக்கு வேறு வகைத் தோட்டா என்ற பிரிவு இன்று இயல்பானதாகத் தோன்றினாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்கில் அந்த எல்லை அவ்வளவு கண்டிப்பாக வகுக்கப்பட்டிருக்கவில்லை. வின்செஸ்டர் நிறுவனம் 1873-இல் வெளியிட்ட லீவர் ரைஃபிள், அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் எரிந்த தோட்டாவின் உறை வெளியேறிப் புதிய தோட்டா குழலுக்குள் ஏறும் ரைஃபிள், .44-40 என்ற தோட்டாவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. இப்பெயரின் முதல் எண் குண்டின் விட்டத்தை அங்குலக் கணக்கில் ஏறத்தாழக் குறிக்க, இரண்டாவது எண் உறைக்குள் இட்ட கருமருந்தின் எடையைக் கிரெய்ன் என்ற பழைய அளவில் குறித்தது. 40 கிரெய்ன் என்பது சுமார் 2.6 கிராம். கோல்ட் நிறுவனம் 1870-களின் இறுதியில் தன் ஆறு குண்டு ரிவால்வரை இதே தோட்டாவுக்கு ஏற்பச் செய்து விற்கத் தொடங்கியதும், தோளில் ரைஃபிளும் இடுப்பில் ரிவால்வருமாகத் திரிந்த மாடு மேய்ப்பவர்களும் வேட்டைக்காரர்களும் ஒரே தோட்டாக் கச்சையைக் கொண்டு இரண்டையும் நிரப்பிக்கொள்ள முடிந்தது. அங்காடி எட்டாத வெட்டவெளிகளில் இது பெரிய வசதியாக இருந்ததால் 1873 ரைஃபிள் 7 லட்சத்துக்கும் மேல் விற்றது.

சுடும்போது பிறக்கும் வாயுவின் விசையால் தானே இயங்கும் துப்பாக்கியின் வரலாற்றிலும் இதே ரைஃபிளுக்கு முக்கியமான இடம் உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் தந்தை வழியாக வந்த துப்பாக்கிப் பட்டறையை நடத்திவந்த ஜான் மோசஸ் பிரவுனிங் (1855–1926), 1889-இல் ஒரு சுடும் போட்டியின்போது, குழல் வாயிலிருந்து சீறி வெளிவந்த வாயு எதிரே இருந்த புல்லைச் சாய்ப்பதைக் கவனித்தார். ஒவ்வொரு குண்டின் பின்னாலும் வீணாகும் அந்த ஆற்றலை வேலை வாங்க முடியும் என்று உணர்ந்த அவர், பட்டறையிலிருந்த 1873 வின்செஸ்டர் ஒன்றை எடுத்து, குண்டு மட்டும் கடந்து செல்லத் துளையிட்ட குழிந்த மூடி ஒன்றைக் குழல் வாய்க்கு முன்னே பொருத்தினார். பின்தொடர்ந்து வரும் வாயு மூடியை முன்னே தள்ள, மூடியோடு இணைந்த தண்டு லீவரை இழுத்துத் திறக்க, ஸ்பிரிங் அதை மீண்டும் மூடியது. கையால் செய்யவேண்டிய வேலையை வாயு செய்தது. இந்த அமைப்புக்கு 1890 ஜனவரியில் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்கு 1892-இல் கிடைத்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் வாயுவிசை ரைஃபிளைப் பிற்காலத்தவரின் விநோத ஆசை என்று கருதுவோர் உண்டு. பிரவுனிங்கின் முதல் வாயுவிசைத் துப்பாக்கியே அப்படிப்பட்டதுதான் என்பதை அவர்கள் கருத்தில் கொள்வதில்லை.

அந்த மாதிரியிலிருந்து பிரவுனிங் வெகு விரைவாக இயந்திரத் துப்பாக்கிக்குச் சென்றுவிட்டார். குழலின் முனைக்கருகே சிறு துளையிட்டு, அதன் வழியே பிரிந்து வரும் வாயுவால் ஒரு நெம்புகோலைக் கீழ்நோக்கி வீசச் செய்த அவரது வடிவத்தைக் கோல்ட் நிறுவனம் 1895 மாதிரியாக உருவாக்க, அமெரிக்கக் கடற்படை அதை ஏற்றது. தாழ்வாக வைத்துச் சுட்டால் நெம்புகோல் மண்ணைத் தோண்டியதால் வீரர்கள் அதை உருளைக்கிழங்கு தோண்டி என்று அழைத்தனர்.

ஆனால் கைத்துப்பாக்கித் தோட்டாவோடு வாயுவிசைக்கு இருந்த உறவு இதன்பின் அரை நூற்றாண்டுக்கு அறுந்துபோனது. தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கியில், குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணியும்வரை குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட் திறக்கக் கூடாது. அழுத்தம் தணியுமுன் திறந்தால் பித்தளை உறை கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தில் பாயும். குண்டு இலேசாகவும் மருந்து குறைவாகவும் இருந்தால் போல்ட்டைப் பூட்டவே தேவையில்லை. அதன் எடையும் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் அதைத் தாமதப்படுத்தப் போதும். இதைப் பின்னுதைப்பு முறை என்று சொல்லலாம். 1918-இல் ஜெர்மானியப் படைக்காக ஹ்யூகோ ஷ்மைஸர் வடிவமைத்த எம்.பி.18 என்ற சிறு இயந்திரத் துப்பாக்கி, 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவை இந்த முறையிலேயே சுட்டது. வாயுத் துளை, பிஸ்டன், பூட்டு என்று எதுவும் இல்லாமல் மலிவாகச் செய்ய முடிந்ததால், இரண்டாம் உலகப்போரில் பெருந்தொகையில் உருவான சிறு இயந்திரத் துப்பாக்கிகளில் மிகப் பலவும் அதே வழியைப் பின்பற்றின.

எளிமைக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை வகுப்பது தோட்டாவின் அழுத்தம் மட்டும் அன்று. குண்டின் எடையும் வேகமும் சேர்ந்த உந்தம் கூடும்போது, பின்னுதைப்பு முறையில் போல்ட்டின் எடையையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டியிருக்கிறது. 9 மில்லிமீட்டர் குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடை கொண்டது, பின்னாளில் வந்த .44 மேக்னம் தோட்டாவின் வழக்கமான குண்டோ 15 கிராமுக்கும் மேல், அதுவும் அதைவிட அதிக வேகத்தில் பாய்வது. இதைப் போல்ட்டின் எடையால் மட்டும் தாங்க வேண்டுமானால் துப்பாக்கி தூக்க முடியாத பாரமாகிவிடும். போல்ட்டைப் பூட்டி வைத்துவிட்டு, உரிய நேரத்தில் பூட்டைத் திறக்கும் வேலையை வாயுவிடம் ஒப்படைப்பதற்கான தேவை அங்கேதான் எழுகிறது.

அந்தத் தேவைக்கு இட்டுச்சென்ற ஒரு கோரிக்கையை அமெரிக்க ராணுவம் 1940-இல் முன்வைத்தது. பீரங்கிப் படையினர், வண்டி ஓட்டிகள், தந்தித் தொடர்பாளர்கள் முதலியோருக்கு 4.3 கிலோ எடையுள்ள கேரண்ட் ரைஃபிள் பெருஞ்சுமையாக இருந்தது, இடுப்பில் செருகிய .45 கைத்துப்பாக்கியோ, பழக்கமில்லாதவர் கையில் சில கஜ தூரத்துக்கு அப்பால் பயன்தராதது. இரண்டுக்கும் இடைப்பட்ட, கார்பைன் எனப்படும் குட்டையான, இலேசான ரைஃபிளுக்காக, வின்செஸ்டரின் பழைய .32 தானியங்கி ரைஃபிள் தோட்டாவைத் திருத்தி .30 கார்பைன் தோட்டா உருவாக்கப்பட்டது. ரைஃபிள் தோட்டாவை விடச் சிறிய, நேரான சுவர் கொண்ட, 7 கிராம் குண்டு தாங்கிய அது, வடிவத்தில் கைத்துப்பாக்கித் தோட்டாவின் நெருங்கிய உறவினமே. பின்னாளில் ரூகர் நிறுவனம் அதையே சுடும் ரிவால்வரை விற்றது அந்த உறவுக்குச் சான்று.

இங்கே பிரவுனிங் குடும்பத்தின் பெயர் மறுபடியும் வருகிறது. ஜானின் தந்தைவழிச் சகோதரரான எட் பிரவுனிங் வின்செஸ்டருக்காக ஒரு வாயுவிசை ரைஃபிளை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, 1939-இல் அதை முடிக்காமலே காலமானார். அதைத் தொடரும் பொறுப்பு டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவருக்கு வந்தது. கள்ளச் சாராய வழக்கில் ஒரு காவல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டதற்காக வட கரோலினாச் சிறையில் தண்டனை அனுபவித்து, அங்கேயே துப்பாக்கி வேலை செய்து பழகியவர் அவர். நீண்ட தண்டு முழுத் தொலைவும் போல்ட்டோடு பயணம் செய்வதற்குப் பதிலாக, சிறு பிஸ்டன் ஒன்று சில மில்லிமீட்டர் மட்டும் நகர்ந்து, சுத்தியல் அடிபோல ஒரு தட்டுத் தட்டி நின்றுவிட, அந்தத் தட்டின் விசையில் மற்ற பாகங்கள் தாமாகவே பின்னோக்கி ஓடும் குறுவீச்சுப் பிஸ்டன் அமைப்பு அவருடையது. இந்த அமைப்பைக் கொண்டு வின்செஸ்டரின் பொறியாளர்கள் 1941 கோடையில் இரண்டு வாரத்துக்குள் முதல் மாதிரியைச் செய்து முடித்தார்கள். அக்டோபரில் ராணுவம் அதை எம்1 கார்பைன் என்று ஏற்றது. 1952-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து வெளியான திரைப்படம் வில்லியம்ஸைத் தனி மனிதராகக் கார்பைனைக் கண்டுபிடித்தவராகக் காட்டியது நியாயமன்று. பிஸ்டன் அவருடையது, கார்பைன் ஒரு குழுவின் உழைப்பு.

ஏறத்தாழ 2.4 கிலோ எடையே கொண்ட இந்தக் கார்பைன் போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதைச் செய்தவர்களில் வின்செஸ்டர் மட்டுமே பழைய துப்பாக்கி நிறுவனம். ஜெனரல் மோட்டார்ஸின் கிளைகளும், தட்டச்சுப் பொறி செய்த அண்டர்வுட்டும், கணக்கு இயந்திரம் செய்த ஐ.பி.எம்.மும், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி செய்த ராக்-ஓலாவும் குழலும் போல்ட்டும் கடைந்தன. ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொன்றின் துப்பாக்கியில் பொருந்தும்படி அளவுகள் காக்கப்பட்டன.

போருக்குப்பின் இந்தக் கருத்து வேட்டைக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. எல்மர் கீத் என்ற எழுத்தாளர் வலுவான ரிவால்வர் தோட்டாவுக்காகப் பல்லாண்டு வாதாடியதன் பயனாக, ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் 1955 இறுதியில் .44 மேக்னத்தை வெளியிட்டன. அதை நீண்ட குழலில் சுட்டால் அடர்ந்த காட்டில் மானை வீழ்த்தப் போதுமானது என்று கண்ட வில்லியம் ரூகர், குறுவீச்சுப் பிஸ்டனோடு கூடிய .44 கார்பைனை 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழலுக்குக் கீழே குழாய் வடிவ மேகசினில் நான்கு தோட்டாக்கள் கொள்ளும், கைக்கடக்கமான துப்பாக்கி அது.

இத்தகைய ஆயுதம் எவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்கிறது என்பதை அந்தக் கார்பைன் நன்கு காட்டியது. கைத்துப்பாக்கிக்கான மருந்து, குறுகிய குழலுக்குள் எரிந்து முடிய வேண்டியிருப்பதால், விரைவாக எரிவது. எனவே அழுத்தம் தொடக்கத்திலேயே உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று விழுகிறது. மெதுவாக எரியும் ரைஃபிள் மருந்தை எண்ணி வகுத்த துளையும் பிஸ்டனும் இதற்குப் பொருந்துவதில்லை என்பதால், வடிவமைப்பாளர் அனைத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கல் குண்டைப் பற்றியது. ரிவால்வர்க்காரர்கள் வழக்கமாக வீட்டிலேயே வார்த்துப் பயன்படுத்தும் வெறும் ஈயக் குண்டு, குழலின் வாயுத் துளையைக் கடக்கும்போது சீவப்பட்டு, ஈயத் துகள் வாயுவோடு சேர்ந்து பிஸ்டன் அறைக்குள் படிந்து இறுகியது. செப்பு உறையிட்ட குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனம் எச்சரித்ததற்குக் காரணம் இதுவே. வாயுவிசையில் இயங்கும் டெஸர்ட் ஈகிள் கைத்துப்பாக்கிக்கும் பின்னர் இதே எச்சரிக்கை வந்தது. ரிவால்வரும் கார்பைனும் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துகொள்வது என்ற பழைய வசதி, வாயுவிசை வந்ததும் முழுமையாக நிலைக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் உண்மையான இழப்பு.

ரூகர் கார்பைனின் உற்பத்தி 1985-இல் நின்றது. அதன் இயக்கத்தில் குறை இருந்ததால் அன்று, அதைக் கடைந்து செய்யும் செலவு கட்டுப்படியாகாமல் போனதால்தான். அதே ஆண்டுகளில் மார்லின் நிறுவனம் மலிவான பின்னுதைப்பு முறையில் 9 மில்லிமீட்டர் கார்பைனை விற்கத் தொடங்கியிருந்ததை இதனோடு சேர்த்துப் பார்த்தால் சந்தையின் போக்கு விளங்கும். நூற்றாண்டின் திருப்பத்தில் டீர்ஃபீல்ட் என்ற பெயரில் ரூகர் மறுபடியும் ஒரு .44 வாயுவிசைக் கார்பைனைக் கொண்டுவந்தது. அதுவும் 2006-இல் நிறுத்தப்பட்டது. சிக் சாவர் நிறுவனத்தின் எம்.பி.எக்ஸ். என்ற துப்பாக்கி, 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கே குறுவீச்சுப் பிஸ்டனைப் பொருத்தி, இலேசான போல்ட்டும் மென்மையான உதைப்பும் வேண்டுவோர் அந்தச் செலவை ஏற்பார்கள் என்று மெய்ப்பித்திருக்கிறது. ஆனால் .44 மேக்னத்துக்கு ரூகர் இன்று விற்கும் கார்பைன், அது பின்னர் வாங்கிக்கொண்ட மார்லினின் பெயரில் வரும் லீவர் துப்பாக்கி.