இயேசுவின் முகம்: ஓவியத்திலும் திரையிலும்

இயேசு எப்படி இருந்தார் என்பதை நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. உயரம், நிறம், தலைமுடி, கண் என எதைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அவர் கலிலேயாவின் நாசரேத்து ஊரில் வளர்ந்த யூதர், அரமேயம் பேசியவர், தச்சர் வீட்டுப் பிள்ளை. அவர் காலத்தில் வரைந்த படம் எதுவும் இல்லை. வழிபாட்டுக்கு உருவம் செய்வதை யூத மறை விலக்கியிருந்தது. தொடக்ககாலத் திருச்சபையின் ஆசிரியர்களுக்கும் இதில் ஒத்த கருத்து இல்லை. துன்புறும் ஊழியருக்கு அழகு இல்லை என்று எசாயா நூல் சொல்வதை வைத்துத் தெர்த்துல்லியன் போன்றோர் அவர் எளிய தோற்றம் கொண்டவர் என்றனர். மன்னனின் பேரழகைப் பாடும் திருப்பாடலை வைத்து ஜெரோமும் கிறிசோஸ்தோமும் அவர் அழகர் என்றனர். இரு தரப்பும் பழைய நூல்களிலிருந்தே வாதிட்டன. கண்டவர் சாட்சி எவரிடமும் இல்லை.

இந்த வெற்றிடத்தை ஒவ்வொரு காலமும் தன் சாயலில் ஒரு முகம் வைத்து நிரப்பிக்கொண்டது. தம்மில் ஒருவராகக் கடவுளைக் காண விரும்புவது பக்தியின் இயல்பு. ஆனால் ஒரு நாட்டாரின் முகமே அசல் முகம் என்று பிறர்மேல் ஏற்றப்பட்டபோதும், அவர் யூதர் என்ற உண்மை அழிக்கப்பட்டபோதும் அந்தப் படங்கள் பெருந்தீங்குக்குத் துணைபோயின. இயேசு உருவத்தின் வரலாற்றில் அந்தப் பக்தியும் இந்தத் தீங்கும் பின்னிக் கிடக்கின்றன.

மீசை அரும்பாத இளைஞர்

இன்று கிடைக்கும் மிகப் பழைய படங்களில் சில, சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த துரா யூரோப்பஸ் நகரத்தைச் சேர்ந்தவை. ஒரு வீட்டையே கோவிலாக மாற்றி, கி.பி. 240ஐ ஒட்டி அதன் திருமுழுக்கு அறைச் சுவரில் இவற்றைத் தீட்டியிருந்தார்கள். 1930களின் அகழாய்வில் வெளிப்பட்ட இந்த ஓவியங்கள் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. முடக்குவாதக்காரரைக் குணமாக்கும் காட்சியில் இயேசு குட்டை முடியோடும் தாடி இல்லாத முகத்தோடும் எளிய உடையில் நிற்கிறார். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் தோளில் ஆட்டைச் சுமக்கும் நல்ல ஆயனாக வருபவரும் இப்படி ஓர் இளைஞரே. தோளில் ஆடு சுமக்கும் இந்த உருவம் கிரேக்க, ரோமக் கலையில் முன்பே பழகியது. புதிய சமயம் அதை அப்படியே எடுத்தாண்டது.

நான்காம் நூற்றாண்டில் பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு தந்த பிறகு நிலை மாறியது. அரசாணையோடு வந்த சமயத்துக்கு அரியணையில் அமரும் ஆண்டவர் தேவைப்பட்டார். ரோமாபுரியில் தூய புதென்சியானா கோவிலின் மொசைக்கில், ஏறக்குறைய 400ஆம் ஆண்டில், தாடியும் நீண்ட முடியும் பொன்னாடையுமாக அவர் வீற்றிருக்கிறார். சேயுசு, யூப்பிட்டர் ஆகிய பழைய தெய்வங்களுக்கு உரிய கம்பீரம் அது. ராவென்னாவின் தூய அப்பொல்லினாரே நுவோவோ கோவிலில் இரண்டு முகங்களும் உள்ளன. அற்புதங்கள் செய்யும் காட்சிகளில் இளைஞர், பாடுகளின் காட்சிகளில் தாடிக்காரர்.

இந்த மாற்றத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் இயேசுவைச் சேயுசு போல வரைந்த ஓவியரின் கை வாடிப்போனதாக வரலாற்றாசிரியர் தியோடர் எழுதியிருக்கிறார். சுருண்ட குட்டை முடியோடு வரையும் வடிவமே மெய்க்கு நெருக்கமானது என்ற கருத்தும் அதே குறிப்பில் வருகிறது. பேரரசன் இரண்டாம் ஜஸ்தீனியனின் பொற்காசுகளில் இந்தப் பூசல் கண்கூடாகத் தெரிகிறது. 690களில், முதல் ஆட்சியின்போது, அவன் வெளியிட்ட காசில் நீண்ட முடியும் அடர்ந்த தாடியும் கொண்ட முகம். அரியணை இழந்து 705இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் அடித்த காசில் நெருக்கமான சுருள்முடியும் குறுந்தாடியும் கொண்ட வேறொரு முகம். ஒரே மன்னன், ஒரே ஆண்டவர், இரண்டு முகங்கள். காலப்போக்கில் முதல் வடிவமே நிலைத்தது, சுருள்முடிக்காரர் மறக்கப்பட்டார்.

ஐரோப்பிய முகம்

நீண்ட முடி, நடுவகிடு, இளம் பழுப்பு நிறம் என்று பிற்காலத்தில் பரவிய தோற்றத்துக்கு லெந்துலுஸ் மடல் என்ற ஆவணம் துணைநின்றது. இயேசுவை நேரில் கண்ட ரோம அதிகாரி ஒருவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட இந்தக் கடிதம் முடியின் நிறத்தையும் தாடியின் பிளவையும்கூட விவரிக்கிறது. உண்மையில் அது இடைக்காலத்தில் எழுதப்பட்ட போலி. 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதைப் போலி என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஓவியர்கள் அந்த வருணனையை விடவில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1500இல் தம்மையே இயேசுவின் சாயலில் நேர்முகமாக வரைந்துகொண்டபோது, ஓவியர் முகமும் ஆண்டவர் முகமும் ஒன்றாகவே கலந்துவிட்டன.

இந்த வழக்கத்திலிருந்து விலகியவர்களில் முதன்மையானவர் ரெம்பிராண்ட். ஆம்ஸ்டர்டாமில் அவருடைய வீடு யூதர்கள் நிறைந்த தெருவில் இருந்தது. 1640களில் அவரும் அவருடைய பட்டறையினரும் இயேசுவின் தலையைச் சிறு மரப்பலகைகளில் பலமுறை தீட்டினார்கள். கருமுடியும், பழுப்புக் கண்களும், சற்றே சாய்ந்த தலையுமாக இருக்கும் அந்த முகத்துக்கு அக்கம்பக்கத்து யூத இளைஞர் ஒருவர் முன்மாதிரியாக அமர்ந்திருக்க வேண்டும் என்பது கலை வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. 1656இல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கியபோது எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில், உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைந்த கிறிஸ்து தலை என்று ஒரு படம் குறிக்கப்பட்டிருக்கிறது. யூதரான இயேசுவுக்கு ஒரு யூதர் முகம் கொடுத்தது அன்றைய ஐரோப்பாவில் அரிய செயல்.

நாடுதோறும் ஒரு முகம்

ஐரோப்பாவுக்கு வெளியே தொன்மையான திருச்சபைகள் தம் சாயலிலேயே வரைந்துவந்தன. எத்தியோப்பியாவின் ஏடுகளிலும் கோவில் சுவர்களிலும் இயேசுவும் மரியாவும் அகன்ற கண்களோடும் மாநிறத்தோடும் காட்சி தருகிறார்கள். கடல்வழிப் பேரரசுகள் எழுந்தபின் ஐரோப்பியப் படங்கள் மறைப்பணியாளரோடு கப்பலேறின. குவாத்தமாலாவின் எஸ்கிப்புலாஸ் ஊருக்கு 1595இல் கீரியோ கத்தாஞோ செதுக்கித் தந்த சிலுவைச் சுரூபம் இன்று கறுத்த கிறிஸ்துவாக மக்கள் உள்ளத்தில் நிற்கிறது. மெக்சிகோவிலிருந்து மணிலா சென்ற கரிய நசரேயர் சுரூபத்துக்கு ஆண்டுதோறும் சனவரி 9 அன்று கடல்போலக் கூட்டம் கூடுகிறது. ஆண்டவர்கள் தந்த சமயத்தில் ஆளப்பட்டவர்கள் தம் நிறத்து ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள்.

இந்தியாவில் 1580இல் அக்பரின் அவைக்கு வந்த சேசு சபையினர் கொண்டுவந்த அச்சுப்படங்களை முகலாய ஓவியர்கள் படியெடுத்தார்கள். பிறகு தம் பாணியில் புதிதாகவும் வரைந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் கோவாவில் பிறந்த ஆஞ்செலோ ட ஃபொன்சேக்கா மரியாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தபோது, உள்ளூர் மேட்டுக்குடிக் கிறிஸ்தவர்களே அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை உடுத்தும் மரபு வேரூன்றிவிட்டது. ஆனால் கத்தோலிக்கத் தமிழர் வீடுகளில் தொங்கும் திருஇருதயப் படத்தின் முகம், 1767இல் ரோமாபுரியில் பொம்பேயோ பத்தோனி வரைந்த முகத்தின் வழிவந்தது. தாய்க்கு நம் ஊர் உடை, மகனுக்கு இத்தாலிய முகம் என்று இரண்டு மரபுகளும் இங்கே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்த 1952, 1953ஆம் ஆண்டுகளில் கிம் கிசாங் இயேசுவின் வாழ்க்கையை முப்பது ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றில் இயேசு கொரியப் படிப்பாளியின் தொப்பியும் வெள்ளை அங்கியும் அணிந்திருக்கிறார். 1970களில் வடகேமரூனின் மஃபா மக்கள் நற்செய்திக் காட்சிகளைத் தாங்களே நடித்துக்காட்டினார்கள். அதிலிருந்து உருவான ஓவியங்களில் இயேசுவும் சீடரும் அந்த ஊர் மனிதர்களாகவே இருக்கிறார்கள்.

இனவெறியின் தூரிகை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இனக் கோட்பாடுகள் அறிவியல் வேடம் பூண்டபோது இயேசுவின் முகம் அரசியலானது. 1879இல் மியூனிக் கண்காட்சியில் யூத ஓவியர் மாக்ஸ் லீபர்மான் ஓர் ஓவியத்தை வைத்தார். பன்னிரண்டு வயது இயேசு கோவிலில் அறிஞர்களோடு உரையாடும் காட்சி அது. அவர் முதலில் தீட்டிய சிறுவனுக்குக் கலைந்த கருமுடி, குட்டைச் சட்டை, வெறுங்கால். பேசும் வேகத்தில் கைகள் அசைகின்றன; தெருவில் காணும் யூதப் பையன் அவன். பத்திரிகைகள் சீறின. பவேரியாவின் சட்டமன்றத்திலேயே இந்தப் படம் கண்டனத்துக்கு உள்ளானது. கடைசியில் லீபர்மான் தம் படத்தைத் தாமே திருத்தினார். இன்று ஹம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கும் ஓவியத்தில் சிறுவனுக்குப் பொன்னிற முடி, நீண்ட அங்கி, காலில் செருப்பு. திருத்துவதற்கு முன் இருந்த தோற்றத்தை அவருடைய பழைய கோட்டோவியம் காட்டுகிறது. கருமுடி பொன்முடியாவதற்குப் பின்னால் இருந்த வெறுப்பு அத்தோடு நிற்கவில்லை. இனக் கோட்பாட்டு எழுத்தாளர் ஹூஸ்டன் ஸ்டூவர்ட் சேம்பர்லென் 1899இல் வெளியிட்ட நூலில் இயேசு இனத்தால் யூதர் அல்லர் என்று வாதிட்டார். நாசி ஆட்சியின்போது, 1939இல், ஜெர்மனியின் ஐசனாக் நகரில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் திருச்சபையிலிருந்து யூதச் சுவடுகளைத் துடைப்பதையே வேலையாகக் கொண்டது. அதன் தலைவர்களில் ஒருவரான இறையியலாளர் வால்டர் குருண்ட்மான் இயேசு யூதர் அல்லர் என்று நூலே எழுதினார். யூதரைக் கொன்று குவித்த ஆட்சியின் காலத்தில், அவர்களிடமிருந்து இயேசுவையும் பறிக்கப் பார்த்தார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து ஒரு மென்மையான படம் உலகத்தைச் சுற்றியது. சிகாகோவின் விளம்பர ஓவியர் வார்னர் சால்மன் 1924இல் கரிக்கோலால் வரைந்த தலையை 1940இல் வண்ணத்தில் தீட்டினார். அலையலையான இளம் பழுப்பு முடியும் ஒளிவீசும் வெள்ளை முகமும் கொண்ட அந்தப் படம் இரண்டாம் உலகப் போரின்போது சட்டைப்பை அளவு அட்டைகளாகப் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இதுவரை 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சானதாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளி, மருத்துவமனை, வீடு என எங்கும் தொங்கிய அந்தப் படம், பிள்ளைகள் மனத்தில் இதுவே இயேசு என்று பதிந்துபோனது.

கறுப்பின அமெரிக்கர்கள் இதற்கு நெடுங்காலமாக மறுப்புச் சொல்லிவந்தார்கள். ஆயர் ஹென்றி மெக்நீல் டர்னர் 1898லேயே கடவுள் நீக்ரோ என்று எழுதினார். வெள்ளையர் தம் சாயலில் கடவுளைக் காணலாம் என்றால் கறுப்பர் தம் சாயலில் காணக்கூடாதா என்பதே அவர் எழுப்பிய வாதம். 1967 உயிர்ப்புப் பெருவிழாவன்று டெட்ராய்ட்டில் போதகர் ஆல்பர்ட் கிளீக்கின் கோவிலில் கிளாண்டன் டவுடெல் வரைந்த கறுப்பு அன்னையின் பேரோவியம் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு கோடையில் அந்நகரில் கலவரம் வெடித்தபோது, திருஇருதயக் குருமடத்தின் முன் நின்ற இயேசு சுரூபத்தின் முகத்திலும் கைகளிலும் பாதங்களிலும் யாரோ கறுப்பு வண்ணம் பூசினார்கள். பிறகு வேறு சிலர் வெள்ளை பூசினார்கள். குருமடம் மறுபடியும் கறுப்பே பூசி, அதை அப்படியே நிலைக்கவிட்டது.

திரையில் வந்த இயேசு

திரைப்படம் ஓவியத்தின் வழியிலேயே நடந்தது. 1912இல் சிட்னி ஓல்காட் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் எடுத்த ஃப்ரம் த மேஞ்சர் டு த கிராஸ் படத்தின் காட்சியமைப்பு பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் திசோவின் நீர்வண்ண ஓவியங்களைத் தழுவியது. நிலம் கிழக்கத்தியது, இயேசுவாக நடித்தவர் ஆங்கிலேயர். ஹாலிவுட் இந்தப் பிளவை வழக்கமாக்கியது. 1961இல் நீலக் கண்களோடு ஜெஃப்ரி ஹன்டர், 1965இல் சுவீடன் நாட்டு மாக்ஸ் ஃபோன் சீடோவ், 1977இல் தொலைக்காட்சித் தொடரில் மறுபடி நீலக் கண்களோடு ராபர்ட் பவல். 1979இல் வெளியாகி 2,000க்கு மேற்பட்ட மொழிகளில் ஒலிமாற்றம் பெற்ற ஜீசஸ் படத்திலும் இயேசு ஆங்கிலேயரே. முதல் நூற்றாண்டு யூதரின் சாயல் வேண்டும் என்று மற்றப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏமன் வழிவந்த யூதர்களைத் தேடிப் பிடித்தவர்கள், நடுநாயகமான பாத்திரத்துக்கு அந்த அளவுகோலைக் கைவிட்டார்கள்.

விலகிச் சென்ற படங்களும் உண்டு. இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது, தென்னித்தாலியின் ஏழை ஊர்களில் கருமுடியும் கூட்டுப்புருவமும் கொண்ட கத்தலான் மாணவர் என்ரிக் இராசோக்கியை நடிக்கவைத்தார். தெலுங்கில் 1978இல் வந்த கருணாமயுடு படத்தில் விஜயசந்தர் இயேசுவாக நடித்தார். தமிழில் பாசமலர் தந்த ஏ. பீம்சிங் இயக்கிய அந்தப் படம் கருணாமூர்த்தி என்ற பெயரில் தமிழிலும் வந்தது. இந்திய முகம் கொண்ட இயேசு தம் மொழியில் பேசுவதை ஊர்ப்புற மக்கள் திடல்களில் அமர்ந்து பார்த்தார்கள். 2004இல் மெல் கிப்சன் இயேசுவின் பாடுகளைப் பற்றிய தம் படத்தை அரமேயத்திலும் இலத்தீனிலும் எடுத்தார். நீலக் கண் நடிகரின் விழிகளைப் பழுப்பாக்கினார். த சோசன் என்ற தொலைக்காட்சித் தொடரில் இயேசுவாக வரும் ஜோனதன் ரூமியின் தந்தை எகிப்தில் பிறந்தவர்.

ஆய்வு காட்டும் தோற்றம்

2001இல் பிபிசி தொடர் ஒன்றுக்காக மான்செஸ்டரின் தடயவியல் முகவடிவ வல்லுநர் ரிச்சர்ட் நீவ், முதல் நூற்றாண்டு யூதேய மண்டையோடு ஒன்றை அடிப்படையாக வைத்து ஒரு முகத்தை உருவாக்கினார். அகன்ற முகம், கறுத்த தோல், குட்டைச் சுருள்முடி, தாடி என்று அமைந்த அது இயேசுவின் முகமன்று. அவர் காலத்து ஆண்களின் முகம் எத்தகையது என்பதற்கான சான்று. வரலாற்றாய்வாளர் ஜோன் டெய்லர் 2018இல் வெளியிட்ட நூல் எலும்புகள், காசுகள், துணிகள், ஓவியங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஏறக்குறைய 166 செ.மீ. உயரம், பழுப்புத் தோல், பழுப்புக் கண், குட்டையான கருமுடி என்ற முடிவுக்கு வந்தது. ஆணுக்கு நீண்ட முடி இழிவு என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இதற்கு ஒத்துப்போகிறது.

இந்த ஆய்வுகளால் கொரியத் தொப்பி அணிந்த இயேசுவோ மஃபா ஊர் இயேசுவோ பொய்யாகிவிடுவதில்லை. அந்தப் படங்கள் வரலாற்றுச் சான்று என்று தம்மைச் சொல்லிக்கொண்டதே இல்லை. சால்மன் படமும் ஒரு நாட்டு மக்களின் பக்திப் படம் என்ற அளவில் அவற்றுக்கு இணையானதே. அது அசல் என்று நம்பவைக்கப்பட்டதுதான் பிழை. அப்போது கான்டர்பரி பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பி 2020இல் இயேசுவை வெள்ளையராகவே காட்டும் வழக்கத்தைத் திருச்சபை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். மறைக்கல்வி நூலில் முதல் பாடமாக அவர் யூதர் என்பதைச் சொல்லி, அடுத்த பாடமாக ஒவ்வொரு நாடும் அவரைத் தன் பிள்ளையாக வரைந்துகொண்டதைக் காட்டினால், இரண்டு உண்மைகளும் குழந்தைகளுக்கு ஒன்றையொன்று மறைக்காமல் போய்ச்சேரும்.