இயக்குநரின் அமானிதம்

வெண்திரைக்கு வரும் நடிகனுக்கு முதல் நாளிலேயே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. காமிராவின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பதே அது. பார்த்துவிட்டால் கதை கலைந்துவிடும். தன்னை எவரோ படம் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நடிகன் அறிந்திருக்கிறான் என்ற உண்மை அரங்கில் இருப்போருக்குப் புலப்பட்டுவிடும். நகைச்சுவைக்காக இவ்விதியை மீறியோர் பலர். புதுமைக்காக மீறியோரும் உளர். மூன்று மணி நேரம் ஓடும் ஒரு படத்தின் உயிர்நிலையையே இந்த மீறுதலின் மேல் நிறுத்திக் காட்டிய ஓர் இயக்குநரைப் பற்றியே இங்கே எழுதப் புகுகிறேன். அவர் அதைக் கலைப் புதுமைக்காகச் செய்யவில்லை, மரியாதைக்காகச் செய்தார்.

முஸ்தஃபா அக்காத் 1930ஆம் ஆண்டு சிரியா நாட்டின் ஹலப் நகரில் பிறந்தவர். திரைக்கலை பயில அமெரிக்காவுக்குப் புறப்பட்ட மகனின் கையில் தந்தையார் இரு நூறு டாலரையும் திருக்குர்ஆன் பிரதி ஒன்றையும் கொடுத்தனுப்பினார் என்பது அவரே பிற்காலத்தில் பலமுறை நினைவு கூர்ந்த செய்தி. கலிஃபோர்னியாவில் பயின்று அங்கேயே தொழிலும் செய்து குடும்பமும் அமைத்துக்கொண்ட அவருக்கு ஒரு குறை இருந்தது. தாம் வாழும் மேலை நாட்டு மக்களுக்குத் தம் மார்க்கத்தைப் பற்றி ஏதும் தெரியவில்லை; தெரிந்ததும் திரிந்ததாகவே இருந்தது. அக்குறையைத் தீர்க்கத் தம் கையிலிருந்த ஒரே கருவியான காமிராவை எடுத்தார். எடுத்துக்கொண்ட பொருளோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு!

இதிலுள்ள இடரை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. திரையுலகம் ஏற்கெனவே ஒருமுறை இந்த நெருப்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டிருந்தது. 1926ஆம் ஆண்டு எகிப்தின் புகழ்பெற்ற நாடக நடிகர் யூசுஃப் வஹ்பி, ஒரு படத்தில் பெருமானாராக நடிக்க இசைந்தார் என்ற செய்தி வெளியானதும் கெய்ரோ கொந்தளித்தது. அல்அஸ்ஹர் உலமாக்கள் கண்டித்தனர். குடியுரிமையே பறிபோகும் என்று மன்னர் ஃபுஆத் எச்சரித்தார். வஹ்பி விலகிக்கொண்டார்.

ஒரு கேள்வி எழலாம். நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் அண்ணலாரின் வாழ்வைப் பாடவில்லையா? அவர்களின் எழிலை, நடையை, ஒளியை வருணிக்கவில்லையா? கவிஞனுக்குக் கிட்டிய உரிமை இயக்குநருக்கு ஏன் இல்லை? இதற்கு விடை இரு கலைகளின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். சொல் எத்துணை விரித்துரைத்தாலும் கேட்பவர் உள்ளத்தில் எழும் உருவம் அவரவருக்கு உரியது. ஒருவர் கண்டதை இன்னொருவர் காண்பதில்லை. காமிரா அப்படியன்று. அது ஒரே ஒரு முகத்தை எடுத்துக் கோடிப் பேர் உள்ளத்தில் அறைந்துவிடும். அந்த முகம் கூலிக்கு நடித்த ஒருவருடைய முகம். அடுத்த ஆண்டே அவர் வேறொரு படத்தில் கள்வனாகவோ காமுகனாகவோ தோன்றுவார். கவிஞன் சுமக்காத ஒரு சுமை இயக்குநரின் தலைமேல் இருக்கிறது.

அக்காத் இதை நன்கு உணர்ந்திருந்தார். திரைக்கதையை ஹாரி கிரெய்க் எழுதினார். எகிப்தின் தவ்ஃபீக் அல்ஹகீம், அப்துர் ரஹ்மான் அஷ்ஷர்காவி போன்ற பெரும் எழுத்தாளர்களின் துணையும் பெறப்பட்டது. அல்அஸ்ஹரிடமும் லெபனான் ஷியா பேரவையிடமும் ஒப்புதல் நாடினார். பெருமானாரின் உருவமோ நிழலோ குரலோ திரையில் வராது. அவர்களின் துணைவியர், மக்கள், முதல் நான்கு கலீஃபாக்கள் ஆகியோரும் தோன்றமாட்டார்கள். இதுவே அவர் ஏற்றுக்கொண்ட வரம்பு. கதையின் தலைவரும், தலைவரைச் சுற்றியிருந்தோருள் முதன்மையானவர்களும் இல்லாமல் ஒரு வரலாற்றுப் படம்! எந்த இயக்குநரும் இதைக் கேட்டால் கையை விரித்துவிடுவார்.

அவர் கண்ட வழி இதுதான்: காமிராவையே அண்ணலாரின் பார்வையாக ஆக்கினார். பெருமானார் இருக்கும் இடத்தில் காமிரா இருக்கும். அவர்களிடம் பேசவேண்டிய நடிகர் லென்ஸை நோக்கிப் பேசுவார், பேசிவிட்டுக் காத்திருப்பார், மறுமொழியைக் காதால் கேட்பதுபோல் அவர் முகம் மாறும். பின்னர் ஹம்ஸா (ரலி) அவர்களோ ஸைத் (ரலி) அவர்களோ பிலால் (ரலி) அவர்களோ அம்மொழியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். அவர்கள் அருகில் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாக மெல்லிய ஆர்கன் இசை ஒலிக்கும். மாரிஸ் ஜார் அமைத்த அப்படத்தின் இசை ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த முறையில் எத்தனை முடிச்சுகள் உள்ளன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். காமிரா ஓர் ஆளின் கண் மட்டத்தில் நிற்கவேண்டும், அமரும்போது தாழவேண்டும், ஒட்டகத்தின் மேல் உயரவேண்டும். மதீனாவுக்குள் நுழையும் காட்சியில் ஒட்டகத்தின் கழுத்தும், அதற்கப்பால் வரவேற்கத் திரண்ட மக்களின் முகங்களும் நமக்குத் தெரிகின்றன. ஒட்டகத்தின் மீது அமர்ந்து வருபவரின் பார்வையில் நாமும் வருகிறோம். நடிகருக்கோ இன்னும் கடினம். எதிரே நடிப்பவர் எவரும் இல்லை. இருப்பது கண்ணாடி வில்லை மட்டுமே. அந்த வெறுமையை நோக்கி அவர் அன்பையும் அடக்கத்தையும், பகைவராயின் வெறுப்பையும் காட்டவேண்டும். காட்டவில்லையானால் எதிரில் எவரும் இல்லை என்பது அம்பலமாகிவிடும். நாம் காணாத ஒருவரை, அவரைக் காண்போரின் முகங்களிலிருந்து உணரச் செய்வதே இங்கு இயக்குநரின் வேலை. அலீ (ரலி) அவர்களுக்குப் பத்ருக் களத்தில் இரு முனை கொண்ட வாள் மட்டுமே அடையாளம். வாளைப் பிடித்த கை நமக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஊரில் வளைகுடா சென்று திரும்பிய ஒருவர் வீட்டில், வீடியோ நாடாவில் இப்படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கூடம் நிறைய ஆட்கள். மொழி புரிந்தவர்கள் நாலைந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். தொழுகைக்கு அழைப்பது எப்படி என்று ஆலோசிக்கும் காட்சியில் முரசு, கொம்பு, மணி என ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டு, கடைசியில் மனிதக் குரலே போதும் என்று முடிவாகிறது. பிலால் (ரலி) மேலேறி நிற்கிறார்கள். பாங்கொலி எழுந்ததும் கூடத்தில் பேச்சு நின்றது; தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள் பெண்கள். திரைப்படம் பார்ப்பதே தவறு என்று கருதிய முதியவர் ஒருவர் வாசற்படியில் நின்றபடியே அக்காட்சி முடியும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அக்காத் ஒரு படத்தை எடுக்கவில்லை. இரண்டு படங்களை எடுத்தார். அரபு மொழியில் 'அர்ரிஸாலா', ஆங்கிலத்தில் 'தி மெசேஜ்'. ஒன்றை எடுத்து மற்றொன்றுக்குக் குரல் மாற்றி ஒட்டியிருந்தால் செலவும் உழைப்பும் பாதியாகக் குறைந்திருக்கும். அவர் அதை விரும்பவில்லை. அரபு நடிப்பு மரபு வேறு, ஹாலிவுட் மரபு வேறு என்பது அவர் கருத்து. ஆகவே, அதே அரங்கில், அதே ஒளியில், ஒரு காட்சியை ஆங்கில நடிகர்களைக் கொண்டு எடுத்தபின் அரபு நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தார். ஹம்ஸாவாக அங்கே ஆன்டனி குவின், இங்கே எகிப்தின் அப்துல்லாஹ் கைத். ஹிந்தாவாக அங்கே கிரேக்க நடிகை ஐரீன் பாபாஸ், இங்கே சிரியாவின் முனா வாஸிஃப். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், குவின் கண்ணாலும் மௌனத்தாலும் செய்வதைக் கைத் செவ்வியல் அரபின் கம்பீரத்தால் செய்வது தெரியும். யார் சிறந்தவர் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. என் வாக்கு கைத் அவர்களுக்கே.

மொராக்கோவில் மக்கா நகரையும் கஃபாவையும் அரங்கமாக எழுப்பிப் படப்பிடிப்பு தொடங்கியது. சவூதி அரேபியாவின் எதிர்ப்பால் மன்னர் ஹஸன் அதை நிறுத்தச் செய்தார். மக்காவிலுள்ள ராபிதா அமைப்பு படத்தை ஏற்கவில்லை. அல்அஸ்ஹரும் பின்னர் தன் ஒப்புதலை விலக்கிக்கொண்டது. தவித்து நின்ற குழுவுக்கு லிபியாவின் கத்தாஃபி இடமும் பணமும் கொடுத்தார். 1976ஆம் ஆண்டு லண்டனில் படம் வெளியாயிற்று. முதலில் வைத்த பெயரில் பெருமானாரின் திருப்பெயர் இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது, பெயரை மாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் கொடியது. 1977 மார்ச் 9ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் ஆயுதம் தாங்கிய சிறு கூட்டம் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்தது. 1973இல் அவருடைய பிள்ளைகளைக் கொன்றவர்களைத் தம்மிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது முதற் கோரிக்கை. இந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுக்கவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. ஆன்டனி குவின் பெருமானாராக நடித்திருக்கிறார் என்ற வதந்தி அப்போது பலர் வாயிலும் இருந்தது. இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். எகிப்து, பாகிஸ்தான், ஈரான் தூதர்கள் திருமறை வசனங்களை எடுத்துக்காட்டிப் பேசி, மார்ச் 11 அன்று முற்றுகையை முடித்துவைத்தனர். எதைக் காட்டக்கூடாது என்பதற்காக ஓர் இயக்குநர் தம் கலையையே வளைத்தாரோ, அதைக் காட்டிவிட்டார் என்று நம்பி ஓர் உயிர் போயிற்று. படத்தைப் பார்க்காமலே தீர்ப்பு வழங்குவோர் எக்காலத்திலும் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள், நாமும் விலக்கல்லர்.

இத்தனை சொன்னதால் படத்தில் குறையில்லை என்று கொள்ளவேண்டாம். பெரிய குறை ஒன்று உண்டு. கதீஜா நாயகி (ரலி) அவர்களைக் காட்டமுடியாதபோது, ஹிராக் குகையிலிருந்து நடுநடுங்கி வந்தவரைப் போர்வை போர்த்தி ஆறுதல் சொன்ன அந்த இல்லம் படத்தில் இல்லாமல் போயிற்று. ஃபாத்திமா நாயகி (ரலி) இல்லை. ஸித்தீக் நாயகம் (ரலி) குகைத் தோழராகத் தோன்ற வழியில்லை. வீடும் தோழமையும் விலகிய இடத்தைப் போர் நிரப்பியது. ஹம்ஸா (ரலி) கதைத் தலைவராகிவிட்டார்கள். உஹதில் அவர்கள் ஷஹீதானபின் படம் தன் நடுவை இழந்து தடுமாறுகிறது. வாளைக் காட்டத் தடையில்லை, வாஞ்சையைக் காட்டத் தடை என்றானால், இஸ்லாம் வாளால் பரவியது என்ற பழைய பொய்யை மறுக்கப் புறப்பட்ட படமே அதற்கு அரைச் சான்றாக நின்றுவிடும் ஆபத்து இருக்கிறதன்றோ? நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் (ரலி) ஆற்றும் உரையே அந்த ஆபத்திலிருந்து படத்தை மீட்கிறது. படை ஏதுமில்லாத, ஓர் அகதி நீதி கேட்கும் அக்காட்சியில்தான் இயக்குநரின் கை மிக உறுதியாக இருக்கிறது.

கத்தாஃபியின் பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். அதே பணத்தில் 1981இல் அக்காத் 'லயன் ஆஃப் தி டெஸர்ட்' எடுத்தார். இத்தாலியரை எதிர்த்துப் போராடி 1931இல் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தாரின் வரலாறு அது. இத்தாலி அரசு அதைத் திரையிட விடவில்லை. 2009ஆம் ஆண்டுதான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. பாசிச முகாம்களின் கொடுமையைச் சொன்ன அப்படம் உண்மை பேசியது. பணம் தந்தவரோ தம் மக்களின் வாயை அடைத்தவர். இயக்குநர் யாரிடம் கைநீட்டலாம் என்ற கேள்விக்கு அக்காத் தம் படங்களையே விடையாகக் காட்டியிருப்பார். எனக்கு அவ்விடை முழு நிறைவு தரவில்லை. மற்றொரு விநோதம், 1978 முதல் அவருக்குச் சோறிட்டவை 'ஹாலோவீன்' என்னும் பேய்க் கொலைப் படங்கள். அவற்றை அவர் இயக்கவில்லை. தயாரிப்பில் மட்டும் பங்கு கொண்டார்.

பிற்காலத்தில் வரம்புகள் நகர்ந்தன. 2012இல் உமர் (ரலி) அவர்களை ஒரு நடிகர் உருவில் காட்டிய அரபுத் தொடர் உலமாக்கள் சிலரின் மேற்பார்வையோடே ஒளிபரப்பாயிற்று, அல்அஸ்ஹர் எதிர்த்தது. 2015இல் ஈரானின் மஜீத் மஜீதி அண்ணலாரின் இளமைக் காலத்தைப் படமாக்கினார். நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்ததால் மும்பையில் அவர் மீதும் ஃபத்வா வந்தது. மஜீதி முகத்தை மறைத்துப் பின்புறத்தைக் காட்டினார். அழகிய படம்தான். ஆனால் முதுகைக் காட்டியதும் பார்ப்பவன் மனம், எப்போது திரும்புவார் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. அக்காத்தின் படத்தில் அந்த ஆவல் எழுவதே இல்லை. அங்கே நாம் அவர்களைத் தேடவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நின்று மற்றவர்களைப் பார்க்கிறோம்.

ஸலாஹுத்தீன் அய்யூபியைப் படமாக்கவேண்டும் என்று அக்காத் நெடுநாள் முயன்றார். கைகூடவில்லை. 2005 நவம்பர் 9ஆம் நாள் ஜோர்டானின் அம்மான் நகரில் மூன்று விடுதிகளில் குண்டுகள் வெடித்தபோது, அவற்றுள் ஒன்றில் அவரும் மகள் ரீமாவும் இருந்தனர். மகள் அங்கேயே இறந்தார். தந்தை இரண்டு நாள் கழித்து இறந்தார். குண்டு வைத்தவர்கள் தங்களை இஸ்லாத்தின் காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள்.

2018ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் திரையரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டன. அவ்வாண்டு ஈகைப் பெருநாளை ஒட்டி, அக்காத்தின் மகன் மாலிக் செப்பனிட்டுப் புதுப்பித்த 'அர்ரிஸாலா' அங்கே திரையிடப்பட்டது.