நானூத்தி இருபது: ஒரு எண் வசவான கதை

"அவன் சரியான ஃபோர் ட்வென்டி, கிட்டயே சேர்க்காதே!" இதைக் கேட்காமல் நம்மில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். ஏமாற்றுவதற்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? அல்வா கொடுப்பது, நாமம் போடுவது, காது குத்துவது என்று ஏகப்பட்டது இருக்கிறது. ஆனால் ஏமாற்றுகிற ஆளுக்கு மட்டும் ஒரு எண்ணைப் பேராக வைத்துவிட்டோம். அது எங்கிருந்து வந்தது?

சட்டப் புத்தகத்திலிருந்துதான். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் கொடுத்த வரைவு, பல திருத்தங்களுக்குப் பிறகு 1860-இல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. ஏமாற்றுதல் என்றால் என்ன என்று சொன்னது 415-ஆம் பிரிவு. வெறும் ஏமாற்று என்றால் 417, ஓராண்டு வரை சிறை. ஏமாற்றிப் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டால்தான் 420. ஏழாண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

கோர்ட்டில் இருந்த எண் மெல்லத் தெருவுக்கு வந்தது. 1955-இல் ராஜ் கபூர் தன் படத்துக்கு 'ஸ்ரீ 420' என்றே பெயர் வைத்தார். கமலின் 'அவ்வை சண்முகி' இந்திக்குப் போனபோது 'சாச்சி 420' (1997) ஆனது. நைஜீரியாவிலும் இதே கதைதான், அங்கே மோசடிக்குப் பெயர் 419. அதுவும் அவர்கள் சட்டப் பிரிவின் எண்ணே!

ஆனால் தெருவுக்கு வரும் வழியில் ஒரு முக்கியமான விஷயம் தொலைந்துபோனது. கடன் வாங்கித் திருப்பித் தராதவர் எல்லாம் 420 இல்லை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நல்ல எண்ணத்தோடு கடன் வாங்கிக் கடை போட்டு, வியாபாரம் படுத்து, தவணை கட்ட முடியாமல் நிற்பவர் கடனாளி. அவர்மேல் சிவில் வழக்குப் போடலாம், ஆனால் அவர் மோசடிக்காரர் இல்லை. நம் தெருவோ இரண்டு பேருக்கும் ஒரே பட்டம் கொடுத்துவிடுகிறது. அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் யார் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மொத்தமே 358 பிரிவுகள்தான். பழைய 420 இப்போது 318(4). அதற்காக யாரும் "அவன் ஒரு முன்னூத்தி பதினெட்டு" என்று திட்டப்போவதில்லை :-)

எண் இருந்துவிட்டுப் போகட்டும் நண்பர்களே. அடுத்த முறை ஒருவரை அப்படிச் சொல்வதற்கு முன்னால், அவர் ஏமாற்றினாரா, தோற்றாரா என்று மட்டும் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.