குடும்பப் பெயரும் குருதியும்: சிவாஜிநகரிலிருந்து புதுச்சேரிக்கு

பெங்களூருவின் சிவாஜிநகர் முன்பு பிளாக்பள்ளி எனப்பட்டது. 1809இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்ததையடுத்துத் தமிழர் பலர் அப்பகுதியில் குடியேறினர். அங்குள்ள புனித மரியன்னை ஆலயம் இன்றைய வடிவில் 1882இல் எழுந்தது. அதன் தொடக்கமோ, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர்ப் பகுதிக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவாவின் பணியோடு தொடர்புடையது. இப்பின்னணியில், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் தாங்கிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று தன் மூதாதை பிரெஞ்சுக்காரர் என்று கூறினால் கேட்போர் எளிதில் ஏற்றுக்கொள்வர். வரலாற்று ஆய்வு நிதானிக்க வேண்டிய இடம் அதுவே.

தமிழ்க் குடும்பங்களுக்குள் பிரெஞ்சுப் பெயர் நுழைந்த வழிகள் குறைந்தது மூன்று. முதலாவது குருதியுறவு. 1674 முதல் புதுச்சேரியில் குடியேறிய பிரெஞ்சு வணிகரும் படைவீரரும், ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகளில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரும் இவ்வழிக்குரியோர். இரண்டாவது திருமுழுக்கு. பாதிரியார் சூட்டிய புனிதர் பெயரே பின்னர் குடும்பப் பெயராக நிலைத்திருக்கலாம். மூன்றாவது சட்டம். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, பிரெஞ்சிந்தியக் குடிகள் தம் சமயவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தோர் புதிய குடும்பப் பெயரொன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. ரெனோன்சான் எனப்பட்ட இவர்களுள் பலர் பிரெஞ்சுப் பெயர்களையே தெரிந்தெடுத்தனர்.

இவர்களுள் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட அவர், பாரிசின் உயர்முறையீட்டு மன்றம்வரை வழக்காடி வென்றார். பின்னர் அவர் ஏற்ற பெயர் லாபோர்த்; பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்பது பொருள். இப்பெயரை மட்டும் கண்டு ஐரோப்பிய மூதாதையைத் தேடுபவர், தன்மதிப்புக்காக வழக்காடிய ஒரு தமிழரை இழந்துவிடுவார்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் வினா, ‘இப்பெயர் எந்நாட்டுப் பெயர்?’ என்பதன்று, ‘இது எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டில் முதன்முதலாகத் தோன்றுகிறது?’ என்பதே. ஐயமின்றி அறியப்பட்ட பாட்டன் பாட்டியரிலிருந்து தொடங்கி, திருமணப் பதிவு, பெற்றோர் பெயர், திருமுழுக்குப் பதிவு எனத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1776ஆம் ஆண்டின் அரசாணைப்படி குடியேற்றங்களின் பதிவேட்டுப் படிகள் பிரான்சுக்கு அனுப்பப்பட்டன. எக்ஸ்-ஆன்-புரோவான்சிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம், புதுச்சேரிப் பதிவுகள் பலவற்றை இணையத்தில் வெளியிட்டுள்ளது. 1881க்குப் பின் ஒரு பெயர் திடீரெனத் தோன்றி, அதற்கு முந்தைய தலைமுறை தமிழ்ப் பெயர்களோடு மட்டும் காணப்பட்டால், துறப்புப் பதிவைத் தேடுவதே முறை.

எழுத்து வேறுபாடும் ஆய்வாளரை மயக்கும். பாதிரியார் இலத்தீனில் ‘லுதோவிக்குஸ்’ என எழுதியவரே புதுச்சேரியில் ‘லூயி’. கண்டோன்மென்ட் ஆங்கிலத்தில் ‘லூயிஸ்’. பிரெஞ்சில் ஒலிக்காத ஈற்று மெய் ஆங்கிலத்தில் ஒலிக்கும். ‘ரொபேர்’ அங்கே ‘ராபர்ட்’ ஆகிவிடுவார். மூவரெனத் தோன்றுபவர் ஒருவராகவும், ஒருவரெனத் தோன்றுபவர் இருவராகவும் இருக்கலாம். பெயரோடு வயது, தொழில், துணைவர், ஞானப்பெற்றோர் ஆகியவற்றையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர இயலும்.

இதன் மறுபுறமும் கருதத்தக்கது. பிரெஞ்சுப் பெயர் இல்லாமையும் பிரெஞ்சு மூதாதை இல்லை என்பதற்குச் சான்றாகாது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் பதிவில் தந்தை பெயர் இடம்பெறாமல் போகலாம். தாய்க்கும் திருமுழுக்குப் பெயரொன்றே எஞ்சியிருக்கலாம். குடும்பக் கதைகள் பெரும்பாலும் கப்பலேறி வந்த ஆணையே நினைவில் வைக்கின்றன. அவனோடு வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்த உள்ளூர்ப் பெண்ணுக்கு அவற்றில் பெயரே இருப்பதில்லை. மூதாதையரைத் தேடும் ஆய்வு, அந்தப் பெண்ணையும் பெயரைத் தானே தெரிந்தெடுத்த தமிழரையும் அக்குடும்பத்தின் வரலாற்றில் மீண்டும் இடம்பெறச் செய்யுமாயின், தேடிய பிரெஞ்சுக்காரர் கிடைக்காமற் போயினும் அது தோல்வியாகாது.