பெங்காலான் உலு

பேராக் மாநிலத்தின் வடகோடியில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய சிற்றூர். பழைய பெயர் குரோ. மலாயில் கலங்கல் நீரைக் குறிக்கும் சொல். பெயர் மாறினாலும் பழையவர்கள் வாயில் இன்னும் குரோதான். ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் கோலகங்சார், கிரிக் தாண்டி, ரப்பர் மரங்களும் மலை வளைவுகளுமாக நீளும் சாலையில் வரவேண்டும். மேற்கே கெடாவின் பாலிங், வடக்கே தாய்லாந்தின் பெத்தோங்.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறியது. 19ஆம் நூற்றாண்டில் குரோவும் பக்கத்துக் கிளியான் இந்தானும் பட்டாணிச் சிற்றரசுகளில் ஒன்றான ரெமானின் பிடியில் இருந்தன. எல்லாம் ஈயத்துக்காக. பேராக் உரிமை கோரியும் ரெமான் விடவில்லை. ரெமானுக்கு மேலே சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, இருந்தது. 1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தம் என்றதும் சயாமிடமிருந்து பிரிட்டன் கைக்கு மாறிய கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கும்தான் நினைவுக்கு வரும். பேராக்குக்குக் கிடைத்த இந்த மூலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிளியான் இந்தானில் ஈயம் தோண்டும் ரஹ்மான் ஹைட்ராலிக் டின் நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ரஹ்மான்’ யாரோ ஒரு முதலாளி அல்லர். ஆங்கிலேயர் எழுத்தில் ரெமான் அப்படி ஆனது.

1941 டிசம்பர் 8 பிற்பகல், பஞ்சாப் ரெஜிமென்ட்டின் இந்தியச் சிப்பாய்கள் இங்கிருந்து எல்லை கடந்தார்கள். படைக்கு ‘குரோகால்’ என்று பெயர். பட்டாணிச் சாலையில் ‘லெட்ஜ்’ எனப்பட்ட மலைச்சரிவுப் பாதையை ஜப்பானியருக்கு முன்னால் பிடிக்க வேண்டும். உத்தரவே தாமதம், போதாததற்குத் தாய் போலீசார் வழிநெடுக மறித்துச் சுட்டார்கள். டாங்கிகளோடு வந்த ஜப்பானியர் முந்திக்கொண்டனர். எஞ்சியவர்கள் சில நாளில் குரோவுக்கே பின்வாங்கினார்கள்.

1955 டிசம்பரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட மலாயாக் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் பேச்சுக்காகக் காட்டிலிருந்து வெளிப்பட்டதும் கிளியான் இந்தான் பக்கம்தான். ஜப்பானியருக்கு எதிராக அவரோடு காட்டில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸே வரவேற்கக் காத்திருந்தார். 28, 29 தேதிகளில் பாலிங் பள்ளிக்கூடத்தில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானோடு பேச்சு நடந்தது. இரண்டாண்டுக்கு முன் கொரியாவின் பான்முன்ஜோம் கிராமத்தில் போர்நிறுத்தமாவது கையெழுத்தானது. இங்கே அதுவும் இல்லை. சரணடைய மாட்டோம் என்று சின் பெங் காட்டுக்கே திரும்பினார். அவருடைய ஆட்கள் பெத்தோங் காடுகளில் 1989 டிசம்பர் 2 ஹாட்யாய் உடன்பாடு வரை இருந்தார்கள். 1976இல் அவர்கள் தோண்டிய பியாமிட் சுரங்கத்தை இன்று சுற்றுலாப் பயணிகள் குனிந்து நடந்து பார்க்கிறார்கள்.

புக்கிட் பெராப்பிட் சோதனைச் சாவடியைக் கடந்தால் பெத்தோங் சில கிலோமீட்டர்தான். தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். காலை 8 மணிக்குப் பசியாறக் கிளம்புகிறவர் 7.30க்கே அங்கே போய் உட்கார்ந்துவிடலாம்.