பிறேக்குக்கு ஒரு வேலைக்காரன்: சேர்வோ வந்த கதை



பழைய மொறிஸ் மைனர் ஒன்றுக்குப் பிறேக் சேர்வோ பூட்டலாமா என்று நேயர் ஒருவர் எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டிருந்தார். நான் வரவு செலவு பார்க்கிறவன். என்றாலும் கராஜ்களின் கணக்குகளைப் பல வருடம் எழுதியதாலும், பழைய கார்களின் மேலுள்ள ஆசையாலும் இந்தக் கேள்வி என்னிடமே வந்து சேர்ந்தது. கேட்டவர் 1983க்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 ஹயரிங் கார் ஓட்டியவர். இப்போது லண்டனில் 1965ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வைத்திருக்கிறார். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. "தம்பி, கார் நிக்கும். என்ரை கால்தான் அமத்த மாட்டன் எண்டுது" என்றார். அந்த ஒரு வசனத்திலேயே சேர்வோவின் முழுச் சரித்திரமும் அடங்கியிருக்கிறது.

சேர்வோ என்பது இலத்தீன் மொழியில் அடிமை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதை இயந்திரவியலுக்குக் கொண்டுவந்தவர் ஜோசப் ஃபார்கோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். கப்பலின் சுக்கானை மாலுமி இலேசாகத் திருப்ப, பாரமான வேலையை நீராவி செய்து முடிக்கும் ஏற்பாட்டுக்கு அவர் 'சேர்வோ மோட்டார்' என்று பெயர் வைத்து 1873இல் ஒரு நூலும் எழுதினார். எசமான் விரலை அசைக்கிறான், வேலைக்காரன் பாரத்தைத் தூக்குகிறான். காரின் பிறேக்கிலும் இதுதான் நடக்கிறது.

ஆரம்பகாலக் கார்களில் பெரும்பாலும் பின் சில்லுகளுக்கு மட்டுமே பிறேக் இருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பாரமாகவும் வேகமாகவும் மாற, நாலு சில்லுக்கும் பிறேக் தேவைப்பட்டது. கம்பியாலும் தண்டாலும் நாலு சில்லையும் இழுக்க ஒரு மனிதக் கால் போதாது. 1919இல் வந்த இஸ்பானோ சுவிசா எச்6 காரில் மார்க் பிர்கிட் என்ற பொறியியலாளர் ஒரு தந்திரம் செய்தார். ஓடிக்கொண்டிருக்கும் காரின் கியர்ப் பெட்டியிலிருந்தே பலத்தை எடுத்து, அந்தக் காரையே நிறுத்தப் பயன்படுத்தினார். ரோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் அந்த உரிமத்தைப் பெற்று 1924 முதல் தன் கார்களில் பூட்டியது. மற்றவர்கள் கைவிட்ட பிறகும் 1960களின் நடுப்பகுதிவரை சில்வர் கிளவுட் கார்களில் அதை விடாமல் வைத்திருந்தது. பழையதை விடாத குணம் எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரியதல்ல!

ஆனால் உலகம் முழுவதும் பரவியது வேறொரு வழி. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்ததும் காபரேற்றரின் வாசல் மூடிக்கொள்ள, உட்குழாயில் பாதி வெற்றிடம் உண்டாகிறது. பிறேக் போடும் வேளையும் அதுதான். வீணாகப் போகும் இந்த உறிஞ்சலை வேலைக்கு வைத்தவர்களில் முக்கியமானவர் பெல்ஜியம் நாட்டு அல்பேட் டெவாண்டர். அவருடைய முறையை 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் பொஷ் நிறுவனம் தயாரித்தது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் கிளேற்றன் டெவாண்டர் என்ற நிறுவனமே அவர் பெயரில் உருவானது. அமெரிக்காவில் பிராக், கிளீஸ்ராத் என்ற இருவரின் சாதனம் 1928இல் பியர்ஸ் ஆரோ காரில் வந்தது.

இதன் கணக்கு எனக்குப் பிடித்தமானது. எங்களைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 14.7 இறாத்தல் பாரத்தோடு அழுத்துகிறது. ஒரு தகரப் பாத்திரத்தின் நடுவே இறப்பர் மென்தகடு ஒன்றை வைத்து, ஒரு பக்கத்துக் காற்றை எஞ்சின் உறிஞ்சினால், இரு பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 இறாத்தல் வித்தியாசம் கிடைக்கும். 7 அங்குல விட்டமுள்ள தகட்டின் பரப்பு 38 சதுர அங்குலம். ஆகவே 380 இறாத்தல் தள்ளுவிசை. ஒரு சதம் பெற்றோல் கூடுதலாகச் செலவில்லை.

இவ்வளவு நல்ல சாதனம் எங்கள் ஊர் ஒஸ்ரினிலும் மொறிஸ் மைனரிலும் ஏன் இருக்கவில்லை? காரணம் ட்றம் பிறேக்கின் இயல்பு. சுழலும் ட்றம்மே பிறேக் ஷூவைத் தன்னோடு இழுத்து, மேலும் இறுக்கிக்கொள்கிறது. மைனரின் முன் சில்லுகளில் இரண்டு ஷூவும் அப்படி இழுபடும் வகையில் அமைந்தவை. முக்கால் தொன்னுக்குச் சற்று மேற்பட்ட காருக்கு அது போதும். யாழ்ப்பாணமோ மேடு பள்ளம் இல்லாத பூமி. கடுகண்ணாவை இறக்கத்தில் போகிறவர்கள் இரண்டாம் கியரில் இறங்கினார்கள். சூடேறிய ட்றம் பிடிக்காது என்பது பழைய சாரதிகளுக்குத் தெரியும்.

சேர்வோவைச் சாதாரண கார்களுக்குக் கொண்டுவந்தது டிஸ்க் பிறேக். 1953இல் டன்லப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் லு மான் ஓட்டத்தில் வென்றபின் அதன் மதிப்பு உயர்ந்தது. டிஸ்க் சூட்டைத் தாங்கும். ஆனால் ட்றம்மைப் போலத் தன்னைத் தானே இறுக்காது. கால் முழுப் பாரத்தையும் கொடுக்க வேண்டும். அதனால் 1957இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே150, 1963இல் வந்த மினி கூப்பர் எஸ் போன்றவற்றில் டிஸ்க்கோடு சேர்வோவும் வந்தது.

எங்கள் ஊரில் பழைய கார்கள் நிலைத்ததற்கு வேறு சரித்திரம் உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் இறக்குமதி சுருங்கி, 1977இல்தான் மீண்டும் திறந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமற் போக, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள்தான் அதற்கு ஒத்துழைத்தன. இன்னொரு புதினமும் உண்டு. 1990களில் இங்கிலாந்தின் மைனர்கள் துருப்பிடித்தபோது, பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் அவற்றுக்கான தகடுகளை இலங்கையில் செய்வித்து எடுத்தார்.

இனி நேயரின் கேள்வி. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. பெடலுக்கும் சிலிண்டருக்கும் இடையில் வைக்கும் இன்றைய சேர்வோவுக்கு அங்கே இடமில்லை. ஆகவே எஞ்சின் அறையில் தனியாகப் பூட்டும் சேர்வோதான் வழி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் குழாய், சில்லுகளுக்குப் பிரியுமுன் சேர்வோவுக்குள் போய்த் திரும்பி வரவேண்டும். எஞ்சினின் உட்குழாயில் துளையிட்டு, ஒருவழி வால்வோடு உறிஞ்சு குழாயை இணைக்க வேண்டும். சேர்வோவைத் தயாரிப்பாளர் சொல்லும் சரிவில் வைக்காவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும், எத்தனை தரம் காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சுபோலவே இருக்கும். பூட்டியபின், எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பல தரம் அமத்தி, காலை எடுக்காமல் ஸ்ராட் செய்து பாருங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் வேலைக்காரன் விழித்திருக்கிறான்.

ஆனால் அவரிடம் நான் சொன்னது இதுதான். சேர்வோ பிறேக்கைப் பலப்படுத்தாது, காலைத்தான் பலப்படுத்தும். தேய்ந்த ஷூவும் ஒயில் கசியும் சில்லுச் சிலிண்டரும் சேர்வோ பூட்டியதால் திருந்தமாட்டா. பழைய கசிவு ஒன்று இருந்தால், கூடிய அமுக்கத்தில் அது சீக்கிரம் வெடிக்கும். மைனருக்கு உள்ள பிறேக் சுற்று ஒன்றே ஒன்று. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று சட்டமானது இந்த ஆபத்தால்தான். என்னிடம் காசு ஒன்றுக்கு மட்டும் இருந்தால், முதலில் குழாய்களையும் சிலிண்டர்களையும் புதுப்பித்து, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி யோசிப்பேன். சேர்வோ பிறகு. அவருடைய முழங்காலுக்கு இது பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் "கராஜ் பெடியனிட்டை முதல்ல குழாயளைப் பாக்கச் சொல்லுறன்" என்று ஒத்துக்கொண்டார்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரை உருளவிடும் பழக்கம் எங்கள் பழைய சாரதிகள் பலரிடம் உண்டு. சேர்வோ பூட்டிய காரில் அதைச் செய்யவே கூடாது. எஞ்சின் நின்றபின் ஒன்றிரண்டு தரம் அமத்தத்தான் வெற்றிடம் மிஞ்சும். பிறகு பெடல் கல்லாகிவிடும், பழகிய கால் ஏமாந்துபோகும்.

பிரித்தானியாவில் 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. அதற்காகப் பார்க்காமல் விடாதீர்கள். விரும்பினால் காசு கட்டிச் சோதிப்பிக்கலாம், பிறேக்கில் கைவைத்த வருடம் நான் நிச்சயம் செய்விப்பேன். சேர்வோ பூட்டியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் வாங்கி வையுங்கள். மாற்றத்தை மறைத்தால் விபத்தின் பின் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். அந்தக் கடிதத்தையும் உதிரிப்பாகப் பற்றுச்சீட்டுகளையும் ஒரே கோவையில் போட்டு, காரில் அல்ல, வீட்டில் வையுங்கள்.